கோத்தகிரியில் ஒரு வாடகை வீடு

வீடு பார்க்கப் போன அன்று அப்பா, அம்மா, நான், பேக்கரி வாசலில் வந்து சேர்ந்துகொண்ட தரகர், இவ்வளவு பேர்தான் இருந்தோம். அக்கா வரவில்லை. கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம்.

அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் ரிடையராகியிருந்தார். எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீஸில் கொடுத்தால்தான் செட்டில்மெண்ட் பணம் வரும். மாசக் கடைசி வரை தவணை. அதற்குள் கோத்தகிரி டவுனில் வாடகைக்கு ஒரு வீடு அமைந்தால் மலையிலேயே இருந்துவிடலாம். அமையாவிட்டால் அக்கா ஊருக்கு இறங்க வேண்டியதுதான். போகமாட்டேன் என்று அம்மா சொல்லவில்லை. "அங்க வெயிலு எப்பிடிடா இருக்கும்?" என்று மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன் நான். பஸ் ஏறியது இந்த டவுனில்தான். காலையில் மூடுபனிக்குள் முதலில் விளக்கு வரும், பஸ் அப்புறம் வரும். ரோட்டில் காட்டுமாடு நின்றால் டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டார், என்ஜினை அணைத்துவிடுவார். அது போகும்வரை பஸ்ஸுக்குள் ஊர்க்கதை ஓடும். பேக்கரி அடுப்பிலிருந்து வர்க்கி இறங்குவது தெருமுனையிலேயே மூக்குக்குத் தெரியும். பொழுது சாய்ந்து டவுன் விளிம்பில் நின்றால் கீழே மேட்டுப்பாளையத்து விளக்குகள் கொட்டிக் கிடக்கும். கீழே எரிகிற விளக்கைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். அங்கே இருக்கப் பிடிக்காது.

டோக்கன் பணத்தை வாங்கிப் பையில் வைத்த தரகர், "வீடு படியலைன்னாலும் இது திரும்ப வராதுங்க தம்பி," என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீங்களே பேசுங்க. படிச்ச பையன்னு சொல்லி வெச்சிருக்கேன். அப்பா சும்மா இருந்தாப் போதும்."

சரிவில் ஓட்டு வீடு. இரண்டு அறை, பின்னால் ஒரு பேரிக்காய் மரம். அம்மா சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரில் கையை வைத்தபடி நின்றாள். "உள்ளயே வருதுடா," என்றாள்.

வீட்டுக்காரர் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர். என் வேலையைக் கேட்டார், சம்பளத்தைக் கேட்டார். "சந்தோசமுங்க. அட்வான்ஸ் அடுத்த வாரம் கொடுத்தாப் போதும்," என்று சாவியை நீட்டினார். "பெரியவரு ஏனுங்க வெளியவே நிக்கறாரு? உள்ள வாங்க."

அப்பா செருப்பை வாசல் கேட் பக்கத்திலேயே கழற்றியிருந்தார். தலையில் கட்டியிருந்த மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, படியில் ஏறாமல் படிக்குப் பக்கத்தில் நின்றார். சம்பளநாளில் எஸ்டேட் ஆபீஸ் முன்னால் தொழிலாளிகள் அப்படித்தான் நிற்பார்கள்.

"இருக்கட்டும் தொரை," என்றார்.

வீட்டுக்காரரின் கை பாதியில் நின்றது. "ஐயா எந்த எஸ்டேட்டுங்க?"

அப்பா சொன்னார்.

"சிலோன்ல இருந்து வந்தவிங்களா?"

"சின்னப் பிள்ளையில வந்தது தொரை."

அவர் முகம் மாறவில்லை. மரியாதையும் குறையவில்லை. "ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க. சொந்தத்துல ஒரு பையனுக்கு வேணும்னு சொல்லிட்டிருந்தாங்க," என்றார். சாவி சட்டைப் பைக்குள் போனது. அம்மா குழாயை மூடினாள்.

பேக்கரிக்குத் திரும்பினோம். தரகர் என்னை மட்டும் பார்த்து, "நாந்தான் சொன்னனே," என்றார்.

"தொரையத் தொரைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்றார் அப்பா.

"அண்ணேன்னு சொல்லியிருந்தா நாக்கு தேஞ்சிருமா?" என்றாள் அம்மா.

"எனக்கு அண்ணன் இருந்தா அவன்கிட்டயே வீடு கேட்டிருப்பனே. தேத்தண்ணியக் குடி."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

இன்னும் இரண்டு வீடு பார்த்தோம். ஒன்று டூரிஸ்டுகளுக்கு விடுகிற காட்டேஜாகிவிட்டது. இன்னொன்றில், நாங்கள் கேட்டைத் திறக்கும்போதே எந்த எஸ்டேட் என்று கேட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு என்னோடு வரவில்லை.

மாசக் கடைசியில் லாரி வந்தது. அம்மா முன்னால் உட்கார்ந்து, டவுன் தாண்டும்வரை கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தாள். தரகருக்குக் கொடுத்தது ஐயாயிரம், லாரி வாடகை ஒன்பதாயிரம், ஏற்றி இறக்கிய கூலி ஆயிரத்து ஐநூறு. ஆக மொத்தம் பதினைந்தாயிரத்து ஐநூறு ரூபாய்.