உறைபெட்டிக்குள் போன சிறுகுறிஞ்சான்

சனிக்கிழமை, மாலை 4 மணி. விமான நிலையத்திலிருந்து வந்த என்னை அழைத்துப்போக, தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தில் ரீட்டா அக்கா குடையோடு நின்றிருந்தார். என் தோழியின் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிச் சமையலறையில் வேலை. அன்றுதான் முதன்முறை பார்க்கிறேன். நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. கொல்லிமலையில் எடுத்த நூற்றிருபது சிறுகுறிஞ்சான் விதைகளை உரிய அனுமதியோடு கொண்டுவந்திருந்தேன். அதன் இலையை மென்றபின் சர்க்கரை மண்ணாக ருசிக்கும், நீரிழிவுக்கு மருந்து. விதை எடுத்த கொடிகள் மறுமாதமே சாலை விரிவாக்கத்தில் அழிந்தன. இங்குள்ள ஆய்வகம் ஒன்று இவற்றை உறையவைத்துக் காக்க ஒப்புக்கொண்டிருந்தது.

ஞாயிறு, காலை 7 மணி. அக்கா வீட்டில், இரவு மேசையில் வைத்த விதைப் பொட்டலத்தைக் காணோம்.

"ஃபிரீசருக்குள்ளை வைச்சிருக்கிறன். உறையவைச்சுத்தான் காக்கிறதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றார் அக்கா.

திறந்தேன். பாரை மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே இருந்தது. விதையை முழுக்க உலர்த்திய பிறகே உறையவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது பனிக்கட்டியாகி விதையின் உயிரணுக்களைக் கிழித்துவிடும். அதைக் கத்தித்தான் சொன்னேன். அக்கா பொட்டலத்தை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார்.

"பழுதாப் போச்சோ, தங்கச்சி?"

"நாளைக்கு ஆய்வகத்துல சோதிச்சாத்தான் தெரியும்" என்றேன்.

திங்கள், காலை 10 மணி. அக்கா ஷிப்டை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். இரண்டு ரயில், ஒரு பஸ்; பஸ்ஸுக்கு மட்டும் ஒன்றே முக்கால் பவுண்ட். ஒன்றரை மணி நேரமும் பொட்டலத்தை அவரே மடியில் வைத்திருந்தார்.

ஆய்வகத்தில் விதைகளைச் சோதித்தவர் மதுரைக்காரர், பெயர் கார்த்திக்.

"ஈரம் கம்மியாத்தான் இருக்கு மேடம். நிழல்ல நல்லாவே காயவச்சிருக்கீங்க. ஆனா முளைச்சாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

இருபது விதைகளை ஈரத்தாளில் பரப்பினார்.

அதன்பின் ஊர் சுற்ற மனமில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அக்கா, "ஏதும் செய்தியோ?" என்பார். இல்லை என்றதும் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவார்.

மறுவாரம் வெள்ளி, பகல் 2 மணி. கார்த்திக் அழைத்தார்.

"பதினேழு முளைச்சிருச்சு மேடம்!"

உடனே அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவருக்குப் பின்னால் பள்ளிச் சமையலறையின் பாத்திரச் சத்தம். "மாதாவே!" என்றவர் அழுதுவிட்டார்.

திங்களன்று, நன்கு உலர்த்தப்பட்ட மீதி நூறும் வெள்ளித்தாள் உறையில் அடைபட்டு, மைனஸ் இருபது டிகிரி அறைக்குள் போயின. அரை நிமிடம் என்னையும் உள்ளே விட்டார்கள். மூக்கின் உள்முடி விறைத்தது.

புறப்படும் நாளில் அக்காவிடம் சொன்னேன்: "அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க அக்கா."

"ஏன் மன்னிப்பு? நானெண்டால் இன்னும் கூடக் கத்தியிருப்பன்."

எங்கள் கல்லூரியில் மின்சாரம் போனால் ஆய்வகக் குளிர்பெட்டியும் அணைந்துவிடும். இங்கே அந்த அறையின் குளிரைக் கண்காணிக்க ஆட்கள் முறைவைத்து வருகிறார்கள். அவர்களில் ஒருவரும் கொல்லிமலை ஏறியதில்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றதில்லை. ஆனாலும் பார்த்துக்கொள்கிறார்கள். விமானம் மேலெழும்பியபோது, அக்காவுக்கும், பெயர் தெரியாத அவர்களுக்கும் சேர்த்தே கைகூப்பினேன்.