ஜிமிக்கி மட்டும் வந்த படம்

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்பவர்களிடம் வீட்டுக் கஷ்டம் என்று சொல்லிப் பழகிவிட்டேன். அது உண்மையில்லை. எங்களுக்கு நிலமும் கிணறும் இருந்தன.

அறுபதுகளில், நான் எட்டாவது படிக்கும்போது, செஞ்சியில் நான் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்த பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுப்பவர்கள் வந்தார்கள். சினிமாக் கொட்டாயில் மெயின் படத்துக்கு முன்னால் அணைக்கட்டு, புது விதைநெல் என்று அரசாங்கப் படம் போடுவார்களே, அந்த மாதிரிப் படம். ஆண்டு விழாப் பாட்டுக் கச்சேரிக்குப் பிள்ளைகள் எப்படித் தயாராகிறார்கள் என்று காட்டப் போவதாகச் சொன்னார்கள். தனியாகப் பாட டீச்சர் இரண்டு பேரை வைத்திருந்தார். ஒருத்தி நான். இன்னொருத்தி என் பக்கத்து பெஞ்சுக்காரி, கடைத்தெரு ஜவுளிக்கடை வீட்டுப் பெண்.

அந்த வருஷத்தோடு என்னை நிறுத்திவிடுவதென்று நைனா முடிவு செய்திருந்தார். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க ஆள் வேண்டும். படம் எடுக்கப் போகிறார்கள் என்று நான் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கவர்மென்ட்டே வந்து எம் பொண்ணப் படம் புடிக்குதுன்னா நிறுத்தறதுக்கு நான் யாரு? படம் வரட்டும். தெரையில உன்னப் பாத்துட்டேன்னா பதினொண்ணு வரைக்கும் படி” என்றார். அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தார்.

எனக்கு ஆட்களைக் கண்டாலே குரல் எழும்பாது. வருகைப் பதிவு எடுக்கும்போது நான் சொல்லும் ‘உள்ளேன்’ எனக்கே கேட்காது. பாட்டு மட்டும் வரும், அதுவும் கண்ணை மூடிக்கொண்டால். பக்கத்தில் அவள் உட்கார்ந்து, தன் முழங்காலை என் முழங்காலோடு ஒட்டிவைத்துத் தாளம் தட்டுவாள். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டுதான் நான் பாடுவேன்.

ராஜகிரி மலை பின்னால் தெரிய வேண்டும் என்று எங்களை மைதானத்தில் உட்காரவைத்தார்கள். டீச்சர் ஆர்மோனியம் வாசிப்பதையும், பிள்ளைகள் தொடையில் தாளம் போடுவதையும் எடுத்தார்கள். தனிப்பாட்டு கடைசியாக. அதற்கு முன் கேமராக்காரருக்குக் காப்பி கொடுத்துவரச் சொல்லி டீச்சர் அவளை அனுப்பினார். கேமராக்காரர் ஒரு கறுப்புத் துணிப்பைக்குள் இரண்டு கையையும் விட்டு, மூட்டைக்குள் எதையோ தேடுவதுபோல் உட்கார்ந்திருந்தார். அவள் அங்கே நின்று பேசிவிட்டு வந்தாள்.

“நீ முன்னாடி பாடு. டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்.”

“நீதானேடி மொதல்ல?”

“முன்னாடி பாடிட்டா உன் பயம் போயிடும். அப்புறம் இன்னா, காலை நீட்டிக்கினு வேடிக்கை பாக்கலாம்.”

என் பயத்தைப் பார்த்து முதலிடத்தை விட்டுக்கொடுத்தாள் என்றே நினைத்தேன். அன்று கண்ணைத் திறந்துகொண்டு பாடினேன். நைனா அந்தக் கேமராக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு அடி தப்பாமல் பாடினேன். கேமரா கிர்ரென்று ஓடியது. “நல்லா இருந்துதும்மா” என்றார் கேமராக்காரர்.

எழுந்து வந்ததும் அவள் என் காதைத் தொட்டாள். “உன் ஜிமிக்கியக் குடுடி. உனக்குத்தான் முடிஞ்சிடுச்சே.” அது அம்மாவின் ஜிமிக்கி. இடது பக்கத்தில் ஒரு முத்து உதிர்ந்திருக்கும். நானே அவளுக்குத் திருகிவிட்டேன். அவள் பாடி முடித்ததும் ஜிமிக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் சாமான்களைக் கட்டி வண்டி ஏறிவிட்டார்கள்.

படத்தை நம்பி நைனா என்னை ஒன்பதாவதுக்கு அனுப்பினார். பரீட்சை முடிந்த சமயம் படம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கொட்டாய்க்கு வந்தது. நானும் நைனாவும் முதல் ஆட்டத்துக்கே போய் மணலில் உட்கார்ந்தோம். எங்கள் பாட்டு ஒன்றுகூடக் கேட்கவில்லை. யாரோ ஒருவர் செய்தி வாசிப்பதுபோல் பேசிக்கொண்டே இருந்தார். ஆர்மோனியத்தின்மேல் டீச்சரின் விரல்கள், மலை, தாளம் போடும் கைகள். பிறகு திரை முழுக்க அவள் முகம். காதில் ஜிமிக்கி, முத்து விழுந்த இடம் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தெரிந்தது. அதோடு முடிந்தது.

“அது உங்கம்மா ஜிமிக்கிதானே?” என்றார் நைனா.

“ஆமா நைனா.”

“ஜிமிக்கி வந்துருக்குது. நீ எங்க?”

அப்போதும் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. மறுநாள் தனியாகப் போய் ஆபரேட்டரைப் பிடித்து, என் பெண் வரும் இடத்தை வெட்டிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார். “டப்பாவுல வந்தத ஓட்டறேன் பெரியவரே. உம் பொண்ண வெட்டி நான் இன்னா ஊறுகா போடறதா?” என்றிருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்க்காமல் நேரே கொல்லைக்குப் போய்விட்டார்.

நான் ஜவுளிக்கடை வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் தலை நிமிராமல் சொன்னாள்.

“நீ பாடறப்ப கேமராவுல ஃபிலிமே இல்லடி. மொதல்ல பாடறது பயந்துக்கினு பாடும், ஃபிலிம் வீணாப் போவும், அதனால சும்மா ஓட்டுவோம்னு காப்பி குடுக்கறப்ப, அந்தக் கறுப்புப் பைக்குள்ள ஃபிலிமை மாட்டிக்கினே அவரே சொன்னாரு.”

“தெரிஞ்சுதான் என்ன முன்னாடி அனுப்பினியா?”

“மறுநாள் உன்ன எடுப்பாங்கன்னு நெனச்சேன்.”

“அன்னிக்கே வண்டி ஏறிட்டாங்களே.”

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். நடந்ததைச் சொன்னால் போதும் என்றுதான் நம்பினேன்.

“ஃபிலிம் இல்லாம எவனாவது படம் புடிப்பானா? கொழு இல்லாத ஏரை எவனாவது ஓட்டுவானா? உன்ன எடுக்கலன்னா எடுக்கலன்னு சொல்லு. ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே, இப்ப இந்தப் புளுகு வேறயா?” என்றார். நான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, அந்தப் பொண்ணு வந்து எங்கிட்ட சொல்லட்டும். நம்பறேன். ஸ்கூலுக்கும் அனுப்பறேன்” என்றார்.

அவளிடம் போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். சத்தியமா என்றேன். என் கையில் அடித்தாள்.

பின்னால் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாளாம். ஃபிலிம் விஷயத்தில் அவள் செய்ததைக்கூட நான் மறந்திருப்பேன். பதின்மூன்று வயதில் யாருக்குத்தான் திரையில் வர ஆசை இருக்காது? அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நைனா குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு வந்துவிட்டார். விசேஷம் இல்லாத நாளில் அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. பதினொரு மணி பஸ்ஸில் மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போகும் கூட்டம்தான் இருந்தது, யாரும் இறங்கவில்லை. “அடுத்ததுல வரும்” என்று அவரே சொன்னார். இரண்டு மணி பஸ்ஸில் ஒருவர் புண்ணாக்கு மூட்டையோடு இறங்கினார். நைனா கைகொடுத்து மூட்டையை அவர் தலையில் ஏற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். ஐந்து மணி பஸ் நிற்காமலே போனது.

புழுதி அடங்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார்.

“வா. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்றார்.