கதவைச் சாத்தவிடாத நர்ஸ்

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, நர்ஸ்களுக்காகச் சம்பள உயர்வு பேச வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை. எதையும் விரல் வைத்துச் சத்தமாகத்தான் படிப்பார்.

உள்ளே பேசுவதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்கும் தாளை நீட்டிவிட்டு, கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்க தம்பி. ட்யூட்டி மாத்தறப்ப பேஷண்ட் கட்டில்கிட்ட நின்னு, அவிங்க காதுபடத்தானுங்க எல்லாஞ் சொல்லி ஒப்படைக்கிறோம். எங்க புள்ளைங்ககிட்ட மட்டும் எதுக்குங்க மறைக்கோணும்?"

வராந்தாவில் காத்திருந்த நர்ஸ்களுக்கு அந்தத் தாளையே முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடவில்லை.

பேச்சு தொடங்கியதும், கதவைச் சாத்தச் சொல்லி மேலாளர் இரண்டு முறை கண்ணைக் காட்டினார். எனக்கும் சம்பளம் கொடுப்பவர் அவர்தான். நான் எழுந்திருக்கவில்லை.