அலமாரி அக்கா வாங்கிய இருபத்தெட்டு டிக்

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் அலமாரி அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்த வார்டின் தலையணை உறை எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் அங்கே இஸ்திரி போடுகிறவன். அவளைவிட இரண்டு வயது சின்னவன். வாய் மட்டும் நாலு வயது பெரியது என்பாள்.

எங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். கையெழுத்துப் போடுவார், மிச்ச நேரம் நாற்காலியில் தூங்குவார். ஆபரேஷன் தியேட்டருக்கு எத்தனை பச்சைத் துணி போக வேண்டும், எந்த மிஷின் இன்று தண்ணீர் கக்கப் போகிறது, எல்லாவற்றையும் பார்த்தது அக்காதான். அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது அந்த இடம் தனக்குத்தான் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு?

"தம்பி, வாழ்க்கையில நானா ஆசைப்பட்டது இது ஒண்ணுதான்," என்றாள். அதைச் சொல்லவே அவளுக்கு அவ்வளவு கூச்சம்.

அந்த நேரம் பார்த்து ஒரு புது நிர்வாக அதிகாரி வந்து சேர்ந்தார். அவருக்கு எல்லாமே உலகத் தரத்தில் இருக்க வேண்டும். மாடிப்படி லைட் எரியாது, அது வேறு விஷயம். இனிமேல் பதவி உயர்வு வேண்டுமென்றால் இங்கிலீஷ் பேச வேண்டும், அதிலும் ஃப்ரேசல் வெர்ப் போட்டுப் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார். சொல்லிக்கொடுக்கக் கோட்டு மாட்டிய பயிற்சியாளர் ஒருவர் வந்தார்.

சாதாரண வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், டவுன், ஆஃப் என்று ஒரு வாலை ஒட்டினால் அர்த்தமே மாறிவிடுமாம். 'லுக்' என்றால் பார்ப்பது, 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது. 'புட்' என்றால் வைப்பது, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது, 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. இந்தக் கடைசியைப் படிக்காமலேயே நாங்கள் இத்தனை வருஷம் செய்துகொண்டிருந்தோம்.

பரீட்சை பத்து நிமிஷப் பேச்சு. ஒரு ஃப்ரேசல் வெர்புக்கு ஒரு டிக். பத்து டிக் வந்தால் பாஸ். துணி துவைக்கத் தெரியுமா என்று மருந்துக்குக்கூட ஒரு கேள்வி கிடையாது.

எங்கள் வேலையில் துணியை வார்டு வாரியாகப் பிரித்து, பத்துப் பத்தாகக் கட்டி வைப்போம். அழுக்குத் துணி ஒன்று வந்தால்தான் சுத்தமான துணி ஒன்று வெளியே போகும். அக்காவுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்; இங்கிலீஷையும் அப்படியே படித்தாள். 'அப்' எல்லாம் ஒரு கட்டு, 'டவுன்' எல்லாம் ஒரு கட்டு, 'அவுட்' இன்னொரு கட்டு. சீட்டில் எழுதி வீடு முழுக்க ஒட்டினாள். தான் ஒன்று சொன்னால் எதிராளி பதிலுக்கு ஒன்று தர வேண்டும், அதுவரை எதுவும் வெளியே போகாது.

மாட்டிக்கொண்டது அவள் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டர், பகல் முழுக்கக் கத்திவிட்டு, வாயை மூடுவதற்காக வீட்டுக்கு வருகிற மனிதர். அவள் "மில்க் ரன் அவுட் ஆகப் போகுது" என்று டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் "கேரி ஆன்" என்று முனகிய பிறகுதான் டம்ளர் கைக்கு வரும்.

"மாப்ள, இந்த வீட்ல பல்லு தேய்க்கணும்னாகூட சீட்டைப் படிச்சுட்டுத்தான் தேய்க்கணும்," என்றார் என்னிடம். "அந்த வேலை அவளுக்குக் கிடைச்சுட்டா போதும். நான் பழைய தமிழுக்கே போயிடுவேன்."

பிரிவில் எல்லாரும் வந்தாக வேண்டும் என்றதால் நானும் பரீட்சைக்குப் போனேன். எனக்கு அந்த நாற்காலிமேல் ஆசை கிடையாது. இஸ்திரிப் பெட்டி போதும். உள்ளே போனதும் "சிட் டவுன்" என்றார்கள். நானும் மரியாதைக்கு "சிட் டவுன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்கு ஒரு டிக். கடைசியில் மூன்று டிக்கோடு வெளியே வந்தேன். மற்ற இரண்டு எப்படி வந்தது என்று அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அடுத்து அக்கா போனாள். பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மிஷின் பிரேக் டவுன் ஆனது, அதை இவள் லுக் இன்டு செய்தது, மெக்கானிக் டர்ன் அப் ஆகாதது, வேலையை கேரி அவுட் செய்தது என்று மூச்சு விடாமல் கட்டுக் கட்டாக எடுத்து வைத்தாள். பயிற்சியாளர் தாளைத் திருப்பிப் போட்டு டிக் அடித்தார். இருபத்தெட்டு. அதிகாரி எழுந்து நின்று கை குலுக்கினார்.

"இன்னும் ஏழு மீதி இருந்துச்சு தம்பி, அதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு," என்றாள் வெளியே வந்து. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அக்காவுக்கு வாசலில் விசாரணை கவுன்டர். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர், நான்.

அச்சுப் பிழை என்று நினைத்து அதிகாரியிடம் ஓடினேன். அவர் பொறுமையாக, நல்ல தமிழில் விளக்கினார்.

"இவ்வளவு அருமையான இங்கிலீஷை அழுக்குத் துணிக்கு நடுவுல வைக்கிறது பாவம் இல்லையா? சலவைக்கு இங்கிலீஷே தேவையில்லை. உங்களை மாதிரி ஆள் போதும்."

அப்புறம் எந்த இழவுக்கு இந்தப் பரீட்சை என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. வேலை போய்விடுமே என்று விழுங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அக்கா அலமாரிகளுக்கு நடுவே நின்று அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தியேட்டர் துணியைக் கட்டி அனுப்பிவிட்டு, கவுன்டருக்குப் போனாள். பத்து நாளில் ஒருவர்கூட அவளிடம் இங்கிலீஷில் எதுவும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எங்கே, பாத்ரூம் எங்கே என்று தமிழில் கேட்டார்கள். தமிழில் கை காட்டினாள். கீழே நான் பிரசவ வார்டுக்குத் தியேட்டர் துணியை அனுப்பி, டாக்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பதவி வேண்டாம், அக்காவுக்கே கொடுங்கள் என்று அதிகாரியிடம் போய் நின்றேன்.

"எழுத்துல குடுங்க. இங்கிலீஷ்ல," என்றார்.

வேறு யாரிடம் போவேன்? கவுன்டர் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அக்கா என்னையே பார்த்தாள்.

"நெஜமாவே வேண்டாமா?"

"சத்தியமா வேண்டாம்க்கா. அது உங்க எடம்."

எழுதினாள். எழுத்து மடித்த துணிபோல் வரிசையாக இருந்தது. ஒரு பக்கக் கடிதத்தில் மீதியிருந்த ஏழையும் போட்டுவிட்டாள். நான் கீழே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"பிரமாதம். யார் எழுதினது?"

அவள் அருமை இப்போதாவது புரியட்டும் என்று பெருமையாகச் சொன்னேன், "அக்காதான் சார்."

"பாத்தீங்களா? இப்படி எழுதுறவங்களைப் போய் சலவைக்கு அனுப்பச் சொல்றீங்களே," என்றார். கடிதத்தை நகல் எடுத்து எல்லாப் பிரிவுக்கும் மாதிரியாக அனுப்பச் சொன்னார். அதில் என்ன கேட்டிருக்கிறது என்பதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

திரும்பி வந்து மறுபடி வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அக்கா பாதி எழுந்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"லெட்டர் ரொம்ப நல்லா இருக்காம்க்கா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக உட்கார்ந்தாள். எனக்குப் பின்னால் நின்றவர் எக்ஸ்ரே எங்கே என்று கேட்டார். அவருக்குக் கை காட்டிவிட்டுச் சொன்னாள்:

"கொஞ்சம் தப்பா எழுதலாம்னுதான் பாத்தேன் தம்பி. மனசு வரல."