கவுன் அம்மணியும் ஆடாத சுரமும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் வாத்தியம் பழுது பார்க்கும் ஒரு சாயபுவின் கடை. புது மயிர் கட்டிய வில்லைச் சரிபார்க்க அங்கேயே உட்கார்ந்து என் பிடிலை இழுத்துக்கொண்டிருந்தேன். பகலில் ஆலையில் பஞ்சின் தரம் பார்க்கிறவன் நான். மாலையில் பஜனை மடத்தில் பிடில். இரண்டு வேலையும் விரல் நுனியில் என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

வாசலில் நிழல் விழுந்தது. பூப்போட்ட கவுன், தலையில் வெள்ளைத் துணி, கையில் ஒரு பிடில் பெட்டி. இங்கிலீஷில் ஏதோ கேட்கப் போகிறார் என்று நான் மனதுக்குள் வாக்கியம் தேட ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, நீங்க பஜனைக்கு மட்டுந்தான் வாசிப்பீங்களா, சிலுவைக்கும் வாசிப்பீங்களா?"

சாயபு சிரித்தார். "போத்தனூர் கவுன் அம்மணிங்க. ரயில்வே காலனியில இவங்க சொல்லாம கோழி கூவாது."

"கூவுமுங்க. நேரந்தான் தப்பாக் கூவும்" என்றார் அம்மணி.

கோவாவிலிருந்து ரயில் வேலைக்கு வந்து போத்தனூரிலேயே தங்கிவிட்ட பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு அவர்தான் தலைவி. இன்ஜின் டிரைவரின் மனைவி. யாரும் நியமித்த பதவி இல்லை. பிள்ளைகளுக்குக் கொங்கணி சொல்லித் தருவது, ஊருக்குக் கடிதம் எழுதுவது, கல்யாணத்தில் எந்தப் பாட்டு முதலில் என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கல் சிலுவை உண்டு. வருடா வருடம் அதன் முன்னால் மாதாவின் பிரார்த்தனையை லத்தீனிலும் கொங்கணியிலும் பாடுவார்கள். பிடில் இல்லாமல் பாடும் வழக்கம் கிடையாது. பிடில்காரருக்கோ ஜோலார்பேட்டைக்கு மாற்றலாகிவிட்டது. காலனியின் பழைய பிடிலுக்குத் தந்தி மாற்றவும், பாட்டுக்கு வாசிக்க ஒரு கை தேடவும் அம்மணி புறப்பட்டு வந்திருந்தார்.

"பாதிப் பேரு வேண்டாங்கறாங்க. கோயில்ல ஆர்கன் இருக்குது, இங்கிலீஷ்ல பாடிப்போட்டு ஊட்டுக்குப் போலாங்கறாங்க. ஒரு வருசம் உட்டுப்போட்டா அவ்வளவுதானுங்க. அடுத்த வருசம் ஒருத்தருக்கும் நெனப்பு வராது."

பெஞ்சில் உட்கார்ந்து மெட்டை மெல்லப் பாடிக் காட்டினார். தண்டவாளம் மாதிரி நேரான மெட்டு. கேட்டு வாசித்தேன். அவர் முகம் சுருங்கியது.

"அதைய ஏனுங்க அப்படி ஆட்டறீங்க? பாவம், காச்சக்காரனாட்டம் நடுங்குது. சும்மா நிக்க உடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. சுரத்தை அசைத்து அழகு பார்க்கத்தானே இருபது வருடம் பழகியிருக்கிறேன்! ஆனாலும் ஆவல் விடவில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற இந்த அம்மணிக்கு ஏதோ ஒரு கடற்கரையின் பாட்டின்மேல் ஏன் இத்தனை பிடிவாதம்? வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பாட்டு நாளன்று சாயங்காலம் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, அரளிப்பூ மாலை போட்டிருந்தார்கள். அவர்கள் பிடில்காரர் நின்றுகொண்டு வாசிப்பவராம். நான் என் பிடிலோடு பாயில் சம்மணம் போட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். "உக்காந்தே வாசிங்க. சிலுவைக்குக் கீழயும் காது இருக்குது" என்றார் அம்மணி.

முதல் சுற்று சரியாகப் போனது. அவர் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி. இரண்டாவது சுற்றில் என் கர்வம் விழித்துக்கொண்டது. இத்தனை மொட்டையாகவா விடுவது? ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து அசைத்து, இழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினேன். மடத்தில் என்றால் "பேஷ்" விழுந்திருக்கும். இங்கே கூட்டத்துக்குத் தன் வரியை எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. பாதிப் பேர் முந்தினார்கள், பாதிப் பேர் பிந்தினார்கள், பாட்டு அறுந்தது.

பின்வரிசையில் ஒரு ரயில்வே கார்டு தன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான்தான் அன்னிக்கே சொன்னனே அம்மணி. போதும், வாங்க போலாம்."

நாலைந்து பேர் நகர ஆரம்பித்தார்கள். என் காது சுட்டது. அம்மணி என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. சிலுவையைப் பார்த்தபடி முதல் வரியிலிருந்து தனியாகத் தொடங்கினார். குரல் மேலே போகும்போது கரகரத்தது. கை மட்டும் பின்னால் வந்து, எனக்குத் தெரிகிற மாதிரி கவுன் மடிப்பில் தாளம் தட்டியது.

வில்லைத் தந்தியில் வைத்தேன். விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு சுரத்தை வெறுமனே நிற்க விடுவது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குதிக்கிற கன்றைக் கயிற்றில் பிடித்த மாதிரி விரல் திமிறியது. பிடித்தேன். வரி முடிந்தது. பிள்ளைகள் எடுத்தார்கள், பிறகு பெண்கள். மூன்றாவது வரியில் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் அடியில் வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தொப்பி மறுபடி கையில் இருந்தது.

முடிந்ததும் அவித்த கடலையும் தேங்காய்ச் சில்லும். முதல் பிடி பிடில்காரருக்கு, கூடவே ஒரு சின்னக் கிளாஸ் சாராயம், அது முறையாம். நான் தயங்கினேன். "மோந்து பாருங்க" என்றார் அம்மணி. நன்னாரி சர்பத்!

அந்தத் தைரியத்தில் கேட்டேன், கோவா எப்படி இருக்கும் என்று.

"ஆருக்குங்க தெரியும்? நான் போத்தனூர்ல பொறந்தவ. கெழக்க ஈரோடு, மேக்க பாலக்காடு. அதைய உட்டா ஒண்ணும் பாத்ததில்லீங்க."

"பார்க்காத ஊருக்காகவா இத்தனை பாடு?"

கடலையைத் தோல் உரித்துக்கொண்டே சொன்னார்: "ஊருக்காக ஆருங்க பாடறா? எங்கப்பா தண்டவாளம் போட வந்து இங்கயே மண்ணாப் போனாரு. அவரு கொரலு இந்த மெட்டுக்குள்ளதான் இருக்குது. நீங்க அதைய ஆட்டிப்போட்டா அது உங்க கொரலா ஆயிருமுங்க."

அடுத்த வருடமும் பாட்டு நடந்தது, நானும் போனேன். இப்போதும் மடத்தில் எல்லோரும் எழுந்து போன பிறகு, ஒரே ஒரு சுரத்தை அசைக்காமல் நீளமாக இழுத்துப் பார்க்கிறேன். என் கெட்டிக்காரத்தனம் வாய் மூடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், நான் பார்த்தே இராத ஒரு மனிதர் போத்தனூர்ப் பக்கம் பாடுவது எனக்குக் கேட்கிறது.