அம்மனுக்கு நாற்பத்தைந்து அங்குலம்

ஜெர்மன்காரன் கையில் அகப்படாமல் ஒரு வெண்கல அம்மனைக் காப்பாற்ற என்னை அனுப்பினார்கள் என்றால், அந்தக் காலத்தில் சர்க்காருக்கு எவ்வளவு ஆள்பஞ்சம் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முப்பத்தொன்பதாம் வருஷம். சீமையில் சண்டை தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. திருவிதாங்கூர் சர்க்காரில் பழம்பொருட்களைக் கவனிக்கிற ஓர் ஆபீசில் நான் தற்காலிக குமாஸ்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கையெழுத்து மணிமணியாக இருந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் தட்டிப் பார்க்கவில்லை. வருஷம் முடிவதற்குள் வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக சூப்பிரண்டு சொல்லியிருந்தார். வீட்டில் மனைவிக்கு ஏழாவது மாதம். அந்த வேலையை நம்பித்தான் மூன்று உயிர்.

முந்தின சண்டையில் ஒரு ஜெர்மன் கப்பல் மதராசின் மேல் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தது. அதே மாதிரி ஒன்று குளச்சல் பக்கம் வந்தால் கடலோரக் கோயில்களில் இருக்கும் பழைய விக்கிரகங்களின் கதி என்ன என்று மேலே யாருக்கோ கவலை வந்துவிட்டது. 'நாட்டின் கலைச் செல்வங்கள்' எவை எவை என்று பட்டியல் போடவேண்டும். பட்டியலில் உள்ளதைப் பெட்டியில் வைத்து மலையடிவாரத்தில் ஒரு சர்க்கார் கட்டிடத்தில் பூட்டவேண்டும். சண்டை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். இதுதான் உத்தரவு. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல் விளையும் ஊர் என் பங்குக்கு வந்தது.

முதல் எதிர்ப்பு என் சொந்தக் கட்சியிலிருந்தே வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை உபதேசியார் என்னைத் தனியாக மடக்கினார்.

"விக்கிரகத்துக்குக் காவலுக்குப் போறீராமே?"

"காவல் இல்ல அய்யா. பட்டியல் எழுதத்தான்."

"பொன் கன்னுக்குட்டி செஞ்சப்பமும் ஒருத்தன் பட்டியல் எழுதிக் குடுத்திருப்பான். அவனுக்க கதி என்னாச்சுண்ணு யாருக்காவது தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. புறப்பட்டுப் போனேன்.

ஊரில் கால் வைத்த அன்றைக்கே எனக்கு 'எம்டன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மதராசைச் சுட்ட கப்பலின் பெயர் அது. சாமியைக் கொண்டுபோக வந்த கப்பல் நான்தானாம். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஒரு அம்மாள் கிணற்றைக் காட்டவில்லை. கடல் இருக்கிற திசையைக் காட்டினாள்.

கோயில் காரியங்களுக்குத் தலைமை வகிக்கிறவரை அங்கே முதலடி என்பார்கள். பரம்பரைச் சைவர், நெல் விவசாயம், அறுபது வயது. வயலிலிருந்து நேரே வந்தவர் காலில் சேறும் நெற்றியில் திருநீறுமாக என் முன்னால் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே உத்தரவை வாசித்தேன். 'நாட்டின் கலைச் செல்வம்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்த நாடு வேய்?"

"நம்ம நாடுதான்."

"நாஞ்சில் நாடா, திருவிதாங்கூரா, வெள்ளைக்காரனுக்க நாடா? அம்மன் எங்க ஊருக்கு உள்ளதாக்கும். நாட்டுக்கு எப்பம் எழுதிக் குடுத்தோம்?"

"சண்டை முடிஞ்சதும் திரும்ப வந்திரும்."

"வரும், வரும். எங்க அப்பா காலத்துல ஒரு பாவைவிளக்கக் கண்காட்சிக்குண்ணு கொண்டு போனாவ. அது இப்பமும் வந்துகிட்டுதான் கெடக்கு. பாவம், வெங்கலக் காலுல்லா, மெதுவாத்தான் நடக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல வேடிக்கை என்பதால் நானும் சிரித்துவிட்டேன்.

"ஒமக்கு என்ன வேய் சிரிப்பு?" என்றார் முதலடி. வாயை மூடிக்கொண்டேன். அந்த ஊரில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அதுவும் நீடிக்கவில்லை.

படிவத்தில் உயரம் என்று ஒரு பத்தி, அங்குலத்தில் எழுதவேண்டும். நான் கோயிலுக்குள் போக முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கார் கோயில் கதவுகளைத் திறந்துவிட்டது எல்லாச் சாதி இந்துக்களுக்கும், எனக்கல்ல. ஆகவே வெளிவாசலில் நின்று, பூசை செய்யும் போற்றியிடம் என் அளவுநாடாவை நீட்டினேன். அவர் குள்ளமான, சாதுவான மனிதர். கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"இத வச்சு என்னெல்லாம் அளந்திருக்கேரு?"

'பெட்டி, பலகை' என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வேடிக்கைப் பேச்சு தும்மல் மாதிரி. வந்தால் அடக்க முடியாது.

"நேத்து எங்க சபையில ஒரு சவப்பெட்டிக்கு அளந்தேன் சாமி. அளவு ரொம்பச் சரியா இருந்துது. உள்ள படுத்தவரு ஒண்ணுமே சொல்லல."

சத்தியமாக அப்படி ஒரு பெட்டியை நான் அளந்ததே இல்லை. ஆனால் போற்றி நேரே குளத்துக்குப் போய் முழுகினார். நாடாவைத் தொடவில்லையே என்றேன். கேட்ட காதுக்காகக் குளிக்கிறார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

ஈரத்தோடு திரும்பி வந்தவர், நாடா வேண்டாம், சாண் போட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனார். அம்மன் முழு அலங்காரத்தில் இருந்தாள்: பட்டு, வெள்ளிக் கிரீடம், கிரீடத்துக்கு மேல் தாமரைப்பூ. அலங்காரத்தைக் களைந்து அம்மனைப் பார்க்கிற உரிமை போற்றி ஒருவருக்குத்தான். ஒரு குமாஸ்தாவின் படிவத்துக்காக அவர் அதைக் களையப் போவதில்லை. பீடத்தின் அடியிலிருந்து பூவின் நுனி வரை கையை மாற்றி மாற்றி வைத்து உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"நாலரைச் சாண்."

நான் என் கையை விரித்து நாடாவின் மேல் வைத்துப் பார்த்தேன். பத்து அங்குலம். அப்படியானால் நாலரைச் சாணுக்கு நாற்பத்தைந்து. அழகாக எழுதினேன். போற்றி என் தோளுக்குக் கீழே நிற்கிறவர், அவர் உள்ளங்கை ஒரு வெற்றிலை அளவுதான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியல் திருவனந்தபுரம் போய், கையெழுத்தும் முத்திரையுமாகத் திரும்பி வந்தது.

முதலடி இரண்டு தடவை மனுப் போட்டார். இரண்டும் தள்ளப்பட்டன. மறுத்தால் போலீஸ் வரும் என்று பதில் எழுதியதும் நான்தான். அதுவும் அழகான கையெழுத்தில்தான்.

கார்த்திகையில் ஒரு காலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, மாட்டுவண்டியும் வைக்கோல் நிரப்பிய பெட்டியுமாகச் சூப்பிரண்டு வந்து சேர்ந்தார். ஆனால் அம்மனை அப்படியே தூக்கி வண்டியில் ஏற்றிவிட முடியாது. முதலில் மந்திரம் சொல்லி, விக்கிரகத்தில் இருக்கிற அம்மனை ஒரு தண்ணீர்க் கும்பத்துக்கு மாற்றவேண்டும். மாற்றியபின் அம்மன் கும்பத்தில். விக்கிரகம் வெறும் வெண்கலம். யார் வேண்டுமானாலும் தொடலாம். உள்ளே அது நடந்து முடிகிற வரைக்கும் வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்கள். சூப்பிரண்டுக்குக் குடை பிடித்தார்கள்.

துணியெல்லாம் களைந்து விக்கிரகத்தை வெளிவாசல் படியில் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு மாதமாக 'கலைச் செல்வம்' என்று எழுதிக்கொண்டிருந்த நான் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத ஒரு பூவைப் பிடிப்பதுபோல் விரலை மடக்கி நின்றாள். எத்தனையோ தலைமுறை அபிஷேகத்தில் மூக்கு மழுங்கியிருந்தது. அதனாலேயே முகத்துக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது. குண்டுக்கு இரையாகக் கூடாத பொருள்தான் என்று எனக்கே பட்டது. கூடவே இன்னொன்றும் பட்டது. அவள் என் இடுப்புக்குக்கூட வரவில்லை.

சூப்பிரண்டு நாடாவை வாங்கி அளந்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"பட்டியல்ல நாப்பத்தஞ்சு. இவிடெ இருபத்தாறு," என்றார் அவருடைய திருவனந்தபுரத்துத் தமிழில். "பாக்கி பத்தொம்பது அங்குலம் எவிடெ?"

அவர் முதலடியின் பக்கம் திரும்பினார்.

"பெரிச ஒளிச்சு வச்சிட்டு சின்னதக் கொண்டுவந்து காட்டுறீரா?"

"எங்க அம்மன் இதாக்கும். வேற கெடையாது."

"சர்க்கார் பட்டியல் பொய்யா?"

"அது சர்க்காருக்குத்தான் தெரியும். அம்மன் இதாக்கும்."

இந்த விக்கிரகம் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று இரண்டு மாதம் மல்லுக்கு நின்ற மனிதர் இப்போது இதுதான் அசல் என்று சாதித்துக்கொண்டிருந்தார். 'ஆமாம், இது வேறு' என்று தலையாட்டினால் அம்மன் ஊரிலேயே தங்கிவிடுவாள். அவர் திருடன் ஆவார். இதுதான் அசல் என்று மெய்ப்பித்தால் மானம் தப்பும், அம்மன் வண்டியேறிவிடுவாள். அவர் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னார்.

சூப்பிரண்டு சேவகனை அழைத்தார். "போய் ரெண்டு போலீசக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் இந்த ஆள் இங்கேயிருந்து அனங்கக் கூடாது."

சேவகன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தான். எனக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. போற்றியின் கை, என் கை, கிரீடம், பூ. நான் வாயைத் திறக்காவிட்டால் என் வேலை நிலைக்கும்; அம்மனும் ஊரிலேயே இருப்பாள். முதலடி மட்டும் இரண்டு போலீசுக்கு நடுவில் வயல் வரப்பு வழியாக, தன் குத்தகைக்காரர்கள் பார்த்து நிற்க, நடந்து போவார். என்னை உட்காரக்கூடச் சொல்லாத மனிதர். அவருக்காக ஏன் என் கஞ்சியைக் கவிழ்த்துக்கொள்ளவேண்டும் என்று நியாயமாகத்தான் யோசித்தேன். வீரமெல்லாம் ஒன்றும் பொங்கவில்லை. சேவகன் மடைப்பாலத்தைத் தாண்டப் போனபோது என் குரல் எனக்கே கேட்டது.

"சார், அளவு தப்பு. நான்தான் தப்பா எழுதினேன்."

போற்றியை அழைத்துக் கையை விரிக்கச் சொன்னேன். பக்கத்தில் என் கையை விரித்தேன். என்மேல் பட்டுவிடக் கூடாதென்று அவர் முழங்கையை உள்ளுக்கு இழுத்தபடியே விரித்தார். ஊரே கூடி நின்று இரண்டு கைகளையும் பார்த்தது. சூப்பிரண்டு கைகளில் படாமல் நாடாவைப் பிடித்துப் பார்த்தார். என்னுடையது பத்து, அவருடையது ஏழுக்கும் குறைவு. மிச்சம் கிரீடமும் தாமரையும்.

"நாடா குடுத்தல்லோ அனுப்பினேன்? அது எங்க போச்சு?"

சவப்பெட்டிக் கதையைச் சொன்னேன். இந்தத் தடவையும் யாரும் சிரிக்கவில்லை.

சூப்பிரண்டு பட்டியலை மடித்தார்.

"பட்டியல்ல இருக்கிறது பூமியில இல்ல. பூமியில இருக்கிறது பட்டியல்ல இல்ல. முத்திரை குத்தினதத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. பட்டியல்ல இல்லாதத வண்டியில ஏத்தினா நாளைக்கு என்னைக் கள்ளன்னு சொல்லுவான்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ இனி ஆபீசுக்கு வரண்டாம். வேற ஆள் வந்து புதுசா எழுதுவான்."

சேவகனைக் கூப்பிட்டுக்கொண்டு, வெறும் பெட்டியோடு வண்டி திரும்பியது. என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. புதுப் பட்டியல் எழுத யாரும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அம்மன் தங்கிவிட்டாள். யாராவது ஒரு வாய் மோர் தருவார்கள் என்று அசட்டுத்தனமாக நின்றேன். முதலடி என் எதிரே வந்தார்.

"எழுதித் தந்திட்டுப் போவும்."

"என்னத்த அண்ணாச்சி?"

"அண்ணாச்சியா? ஒமக்கு நான் எப்பம் அண்ணாச்சி ஆனேன்? நீரு சொன்னத எழுதும். ஒமக்க சூப்பிரண்டு பாதி வழியில புத்தி மாறி போலீச அனுப்பினா நான் என்னத்தக் காட்டுவேன்?"

மழைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பையிலிருந்த சர்க்கார் காகிதத்தில் எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அது என்ன, 'கவனக்குறைவினால்'?"

"அப்படித்தான் எழுதுறது வழக்கம்."

"அத அடியும். 'புத்தியில்லாமல்'ண்ணு எழுதும்."

அடித்துவிட்டு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

"இப்பம் எல்லாரும் கேக்க வாசியும்."

வாசித்தேன். இன்ன கோயில் அம்மனை நான் புத்தியில்லாமல் அளந்து, இருபத்தாறு அங்குலத்தை நாற்பத்தைந்து என்று எழுதினேன், ஊரார்மேல் குற்றமில்லை. பின்னால் நின்ற பெண்களிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேக்கல்ல. இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்க."

சத்தமாக இன்னொரு முறை வாசித்தேன். 'புத்தியில்லாமல்' என்ற இடத்தில் அவர்கள் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். முடிந்ததும் முதலடி காகிதத்தை நுனியில் பிடித்து வாங்கி, நனையாமல் மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"சரி, போவும்," என்றார். "மழை வலுக்குது. கோயில் பக்கமா ஒதுங்கி நிக்காதேயும்."