இரண்டு வெற்றுத்தாள்கள்

பொய் சொல்வதில் எனக்கு எட்டு வயதிலேயே நல்ல தேர்ச்சி இருந்தது. பெரும்பாலானவை பல் விளக்கிவிட்டேன், ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்ற ரகம். அவற்றையெல்லாம் மறந்துவிட்டேன். ஒன்றை மட்டும் இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது.

அப்போது நாங்கள் அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். அம்மாவின் ஒரே அக்கா, என் பெரியம்மா, யாழ்ப்பாணத்துச் சண்டைக்கு நடுவே பிள்ளைகளோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தார். அங்கே மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. எழுதுகிற தாள்கூடக் கிடைக்காது. அதனால் அம்மா ஒவ்வொரு கடிதத்தோடும் இரண்டு வெற்றுத்தாளும் எங்கள் முகவரி எழுதிய உறை ஒன்றும் சேர்த்து அனுப்புவார். பதில் வந்தால்தான் பெரியம்மா இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியும். தெரிந்தால்தான் அடுத்த கடிதம்.

அம்மா எழுதினால் கொஞ்சநஞ்சம் எழுதமாட்டார். ஓக் ட்ரீ ரோட்டுக் கடையின் வாடிய முருங்கைக்காய், கோயிலில் பார்த்த சேலை, அப்பாவின் குறட்டை, எல்லாம் வரும். தாளின் இரு பக்கமும் நிறைந்து ஓரங்களிலும் ஏறும்.

தாள்களை வைத்து உறையை ஒட்டுவது என் வேலை. அந்த முறை, வகுப்புத் தோழிக்குக் குதிரை வரைந்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அம்மாவின் தாள் மெல்லியது; புத்தகத்துப் படத்தின்மேல் வைத்தால் குதிரை அப்படியே தெரிந்தது. முதல் குதிரைக்குக் கால் கோணிவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. வேறு தாளும் இல்லை. உறையை ஒட்டிவிட்டேன்.

“தாள் வைச்சனியோ, பிள்ளை?” என்று அடுக்களையிலிருந்து கேட்டார் அம்மா.

“யெஸ், அம்மா” என்றேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது என் வழக்கம். பொய்க்கு அது இன்னும் வசதியாக இருந்தது.

வழக்கமாக இரண்டு மாதத்தில் பதில் வரும். நான்கு மாதமாகியும் வரவில்லை. தபால் ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் வரும். அம்மா மூன்று தடவை இறங்கிப் போய்ப் பார்த்தார். அப்பா கொழும்பிலிருந்த உறவினருக்கு போன் பண்ணினார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அம்மா அழுதார். கேட்டதற்குத் தலையிடி என்றார். தாள் வைக்கவில்லை என்று நான் சொல்லியிருந்தால் பாதிப் பயமாவது தீர்ந்திருக்கும். திட்டு விழுமே என்று பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம் பதில் வந்தது. உறைக்குள் இருந்தது அம்மா எழுதிய அதே கடிதம். வரிகளுக்கு இடையில் பென்சிலால் பெரியம்மா நுணுக்கி எழுதியிருந்தார். அம்மா தாளை முகத்தருகே பிடித்து வாசித்தார்.

“தாளைக் காணேல்லை. வழியில உடைச்சுப் பாத்த ஆமிப் பெடியள் எடுத்திருப்பாங்கள். பாவம், அவங்களுக்கும் தாய்க்கு எழுதத் தாள் வேணும்தானே. உன்ர கடிதத்தை வைச்சிருந்து வாசிக்கத்தான் ஆசை. வேற தாள் இல்லை, அதான் இதிலயே எழுதி அனுப்புறன்.”

பெரியம்மா மன்னித்தாலும் அம்மா மன்னிக்கவில்லை. வீட்டுக்கு வந்த அங்கிள், ஆன்ட்டி எல்லோரிடமும் தாளைக்கூடத் திருடும் ராணுவத்தைப் பற்றிச் சொன்னார். நானும் கூட உட்கார்ந்து தலையாட்டினேன். இப்போது அம்மா பிரிட்ஜ்வாட்டரில் என்னோடுதான் இருக்கிறார். சண்டைக் காலத்துப் பேச்சு வந்தால் இன்றைக்கும் அந்தக் களவைச் சொல்வார். நான் தேநீர் போட எழுந்து போய்விடுவேன்.

அந்தப் பதில் வந்த பிறகு அம்மா ஒரு பக்கம் மட்டுமே எழுதினார், அதுவும் ஒரு வரி விட்டு ஒரு வரி. ஏன் என்று கேட்டேன். “இந்த முறையும் தாளை எடுத்தாங்களெண்டா, அக்கா எழுத இடம் வேணுமெல்லோ” என்றார். குறட்டை போயிற்று, சேலை போயிற்று. நலம், நலமறிய ஆவல் என்ற அளவில் கடிதம் நின்றது. எனக்கு அது நல்லதாகவே பட்டது. சீக்கிரம் எழுதி முடித்துவிட்டு அம்மா என்னோடு டிவி பார்க்க வந்தார். மனம்விட்டுப் பேச அம்மாவுக்கு அக்காவைத் தவிர இந்த உலகத்தில் யாருமே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.